சுமதியை எடுக்கும் நாளில் மகளுக்குப் பரீட்சை

சுமதி போய்விட்டாள். நேற்று சிங்கப்பூரில், வேலை இடத்திலேயே மயங்கி விழுந்தவள்... எழவே இல்லை.

மலேசியாவில், யோங் பெங் பள்ளியில் எங்களோடு படித்தவர்கள் யாரும் அவளை மறந்திருக்க முடியாது. முதலாம் ஆண்டிலிருந்து பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரை முதல் இடம் ஒன்று அவளுக்கு, இல்லை எனக்கு. பெரும்பாலும் அவளுக்குத்தான்.

நான் அசல் சோம்பேறி. இவள் முந்திவிடுவாளே என்ற எரிச்சல் இல்லாவிட்டால் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். இன்று நான் ஃபார்மசிஸ்டாக இருப்பதற்கு அந்த எரிச்சல்தான் காரணம்.

மூன்றாம் படிவப் பரீட்சை சமயத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை. வெளியே விட அவள் அம்மா ஒப்பவே இல்லை. இவள் அழுது, சாப்பிடாமல் கிடந்து, மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

தனி அறையில் உட்கார வைத்தார்கள். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். "என்னா பாக்குறே? நா வரமாட்டேன்னு நெனச்சியா?" என்றாள். முகமெல்லாம் கொப்புளம், அதில் சிரிப்பு வேறு. அந்தத் தடவையும் அவள்தான் முதல்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் இருவருக்கும் ஒரே ரிசல்ட். பல்கலைக்கழகத்துக்குப் போக வழிவிடும் அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று சொல்ல ஆளில்லை. அப்பீல் செய்தாள்... பதிலே வரவில்லை.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். "பெயிலாயிட்டு மட்டும் வந்து நில்லு... அப்புறம் இருக்கு ஒனக்கு." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சிங்கப்பூர் ஃபாக்டரிக்குப் போய்விட்டாள். இடம் கிடைத்த சந்தோஷத்தை என்னால் முழுசாக அனுபவிக்கவே முடியவில்லை.

அவள் மகள் தர்ஷினியும் என் மகனும் இப்போது ஐந்தாம் படிவம். போன வாரம்கூட போனில், "எம் மவ ஒம் மவன முந்திருவா லா, பாத்துக்கிட்டே இரு" என்று வம்புக்கு இழுத்தாள்.

நாளை காலை பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதப் பேப்பர். நாளை காலைதான் சுமதியையும் தகனத்துக்கு எடுக்கிறார்கள்.

உடலைக் கொண்டுவந்து வைத்திருக்கும் சுமதி வீட்டில் ஒரே சத்தம். "எஸ்.பி.எம். லா இது, உட்டா அடுத்த வருசம்தான். பிள்ள போயி எழுதட்டும்" என்கிறார் சுமதியின் அண்ணன். "பெத்தவள வழியனுப்ப வேணாமா?" என்று நாத்தனார் அழுகிறார். சுமதியின் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அம்மா இருந்தா என்னா சொல்லியிருப்பாங்க?"

போய் எழுது என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய், பள்ளி உடுப்பை அயர்ன் செய்ய ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை.

பேப்பர் முடிய மதியம் ஆகிவிடும். மின்சுடலையில் நேரத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவள் அப்பா போன் போட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை.

கொஞ்சம் பொறு சுமதி... பிள்ளை எழுதிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.