சுவரில் விழாத சிவப்புப் புள்ளி

லேசர் டயோடைப் போல ரோஷக்காரப் பொருளை நான் பார்த்ததில்லை. மின்சாரம் இம்மி கூடினாலும் பட்டென்று உயிரை விட்டுவிடும். அதற்கு அளந்து ஊட்டுவதற்கென்றே ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கையில், அதை நானே செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி முதல் டயோடைச் சாகடித்தேன். மூன்று கால் ஐ.சி.யில் எது எந்தக் கால் என்று பார்க்காமல் மாற்றிப் பற்றவைத்ததன் பலன். போதாக்குறைக்கு, அம்மாவின் தையல் மெஷின் மூடியையும் சால்டரிங் அயனால் பொசுக்கி வைத்தேன்.

அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் அதிகம் பேசமாட்டார், பேசினால் தீர்ப்புதான்.

"விஜயதசமிக்குள்ள இது எரியலன்னா அயன், ஒயரு எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவேன். அப்புறம் ஒழுங்கா புஸ்தகத்தோட உட்காரு."

கணக்கில் மக்கு, பாட்டில் மக்கு என்று பேர் வாங்கியிருந்தவளுக்கு அந்த அயனைப் பிடிக்கும்போதுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்?

சித்தப்பாதான் கைகொடுத்தார். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பித்தளைக் குழாய்க்குள் லென்ஸோடு பொருத்திய இன்னொரு டயோடை மல்லேஸ்வரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதுதான் கடைசி" என்றார். கூடவே ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டார். எரிந்தாலும் எரியாவிட்டாலும் குழாயின் வாய்ப்பக்கம் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். சுவரில் விழும் சிவப்புப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பற்றவைத்து முடித்தேன். பூஜையன்று எங்கள் வீட்டில் எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது. ஸ்கூட்டர் மாலையோடு நின்றது. தெருவெங்கும் உடைத்த பூசணிக்காய். நான் மேஜைப் பக்கமே போகாமல் பொரியைக் கொறித்து நாளை ஓட்டினேன்.

விஜயதசமி காலையில் சித்தப்பா வந்ததும் பேட்டரியை மாட்டினேன். சுவரில் ஒன்றுமில்லை. வேறு பேட்டரி போட்டேன். ஒன்றுமில்லை. பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்கினேன். ஐ.சி.யின் கால்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சித்தப்பா மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் ஒழுங்காகத்தான் ஓடியது.

"சர்க்யூட் நல்லாத்தாம்மா இருக்கு. டயோட்தான் போயிடுச்சு போல. பேஜார் பண்ணிக்காதே" என்றார்.

பேஜாராவது! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் அப்பா பேப்பரை விரித்து வைத்திருந்தார். வெகுநேரமாக அதில் பக்கமே புரளவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, செத்த டயோடை எடுக்கலாமென்று குழாயைத் திருப்பினேன். அப்போதுதான் அதன் வாயைப் பார்த்தேன். லென்ஸை மூடி அப்பிய சந்தனம், நட்டநடுவே லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு! சத்தியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று, முகத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறோம்.

ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, பேட்டரியை மாட்டினேன். காலண்டருக்கு மேலே சுள்ளென்று ஒரு சிவப்புப் புள்ளி. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வந்துவிட்டது என்பதை, சித்தப்பா சந்தோஷத்தில் கன்னடத்துக்குத் தாவி "பந்த்து, பந்த்து!" என்றார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா, "இத்துனூண்டு புள்ளிக்கா இவ்ளோ ரகளை?" என்றாள்.

"இதுக்கு யாரும்மா பொட்டு வெச்சது?" என்று கத்தினேன்.

"என்னைக் கேட்டா? நான் மிக்ஸி, தையல் மெஷினோட நிறுத்திட்டேன்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஆயுதத்துக்கு வெக்காம விடலாமா? மூஞ்சி எதுன்னு தெரியல. பளபளன்னு இருந்த எடத்துல வெச்சேன்."

"இனிமே என் சாமானைத் தொடாதீங்கப்பா!"

"சரிம்மா" என்றார், பரம சாதுவாக.

அன்று பொழுது சாயும்வரை வீட்டுச் சுவர்களிலெல்லாம் புள்ளி விட்டுக்கொண்டு திரிந்தேன். கெடு முடிவதற்குள் எரியவைத்து, அயனைப் பரணிலிருந்து காப்பாற்றிவிட்டதாக ஒரே பெருமை. பரணில் போடப்போகிற சாமானுக்கு யாரும் முந்தின நாள் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பதில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.