கசூபா கை தூக்கிய கூட்டம்

சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்குவதுதான் கசூபாவின் வேலை. கைப்பிடி அவரிடம் இருந்தால் கூண்டில் நிற்பவனுக்குப் பயமே இருக்காது. அந்த நம்பிக்கையில்தான் தொழிற்சங்கம் அவரை அரசுச் சுரங்கக் கழகத்தின் இயக்குநர் குழுவுக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. பழந்துணி மூட்டையில் பொறுக்கிய நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் தலைநகர் லுசாகா போவார். கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், மதியம் என்ன போட்டார்கள் என்று சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் பெம்பா, நான் ங்கோனி. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்த இனங்கள்; சமாதானமான பிறகு எங்களுக்குள் கிண்டல் முறை. சாவு வீட்டில் பிணத்தைக்கூட வைது கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அரசாங்கம் சுரங்கங்களை விற்கத் தொடங்கிய வருஷம் அது. எங்கள் சுரங்கத்தை விற்கக் குழு சம்மதிக்க வேண்டிய கூட்டத்துக்கு முந்தின நாள், மனைவி முலெங்காவைச் சர்க்கரைக்கு ஊசி போட அழைத்து வந்தார்.

"என்ன குரங்கு தின்னி, நாளைக்குக் கோட்டு ஊர்கோலமா?" என்றேன், வழக்கம்போல.

"ஆமா எலி தின்னி. உனக்கு ஒரு சாண்ட்விச் கொண்டாரவா?"

"சாண்ட்விச் கெடக்கட்டும் மச்சான். வாங்கறவன் இந்த ஆஸ்பத்திரியையும் நடத்தணும்னு எழுதி வாங்காம கை தூக்கிடாத. நான் வெளையாடல."

"கேட்டியா முலெங்கா? ங்கோனிக்காரி வெளையாடலியாம்."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அவர் கையைப் பிடித்து மறுபடியும் அதையே சொன்னேன். இன்னும் சிரித்தார். என் வாயிலிருந்து வருவதெல்லாம் கிண்டல் என்று பழகிப்போன காது.

ஆஸ்பத்திரி விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் குழுத் தலைவர். இவரும் கை தூக்கிவிட்டு வந்தார். வாங்கியவர்களுக்குத் தாமிரம்தான் வேண்டும், நோயாளிகள் எதற்கு? அடுத்த மழைக்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது, என் வேலையும் போயிற்று.

முலெங்கா மயங்கி விழுந்தபோது தொலைவிலிருந்த அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாதி வழியில், பக்கத்து வீட்டுக்காரன் வேனிலேயே உயிர் போய்விட்டது.

சாவு வீட்டில் ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள், பெண்கள் உள்ளே தரையில். நான் நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். ங்கோனிக்காரி வந்துவிட்டாள், இனி கொஞ்சம் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கசூபா அதே நீலக் கோட்டில் நெருப்பருகிலிருந்து எழுந்து உள்ளே என்னிடம் வந்தார்.

"என்னை வையி" என்றார்.

"இன்னிக்கு வேணாம் மச்சான்."

"என்னத்தையாவது சொல்லித் திட்டு. நீ இப்பிடி நின்னா, அன்னிக்குச் சொன்னதும் வெளையாட்டு இல்லன்னு ஆயிடும்."

நான் அவரைத் தாண்டிப் போய், பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன்.