அந்த அம்மா பேசி முடிக்கட்டும்

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்று ஒன்று நடந்தால் இரண்டு பேர் இல்லாமல் நடக்காது. ஒருவர் மைக் செட்டுக்காரர். இன்னொருவன் நாற்காலி வாடகைக்கு விடுகிற நான். பேசுகிறவர் மாறுவார், கொடி மாறும், கோஷம் மாறும். நாங்கள் மாறமாட்டோம். கல்யாணத்துக்கும் நாங்கள்தான், சாவுக்கும் நாங்கள்தான்.

அவரை எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற செட்டுக்காரர்கள் மைக்கைத் தட்டி, ஊதி, ஒன்று இரண்டு மூன்று எண்ணித் தெருவையே எழுப்பிவிடுவார்கள். இவர் ஒரே ஒரு ஹலோ சொல்வார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டு, பேசு என்று கையை ஆட்டுவார். நான் என்ன பேசுவேன்? “நாற்காலி மேல ஏறி நிக்காதீங்க” என்பேன். எனக்குத் தெரிந்த பிரசங்கம் அது ஒன்றுதான்.

படிப்பு அவருக்கும் எனக்கும் ஒரே அளவு. பள்ளிக்கூடத்து மதில் ஏறிக் குதிக்கத் தெரிந்த அளவு. ரேடியோ ரிப்பேர் கடையில் வயர் சுற்றிக் கொடுத்துத் தொழிலைப் பிடித்தார். இரண்டு அறை வீடு. கட்டிலுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், அலமாரி மேல் ஸ்பீக்கர் பெட்டி, குளியலறைக் கொடியில் வயர். “இந்த வீட்டுல நான்தான் வாடகைக்கு இருக்கேன், சாமானெல்லாம் சொந்தக்காரங்க” என்பார் அண்ணி. அவருடைய மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி பேச மைக்கே தேவையில்லை. ஊரையே கத்தவிடுகிற மனுஷன் வீட்டில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மைக்கை ஒருவர் கையில் வாங்கிவிட்டால், அவராகக் கீழே வைக்கும்வரை அணைக்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா நன்றாக ஊற்றிக்கொண்டு வந்து, வாழ்த்துகிறேன் என்று தொடங்கிப் பெண்வீட்டார் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். அணைக்கச் சொல்லி இரண்டு வீட்டாரும் கெஞ்சினார்கள். “அவரு வைக்கட்டும், அணைக்கிறேன். புடுங்கறதுன்னா உங்க சொந்தக்காரர்கிட்ட நீங்க புடுங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டார். அன்று நானே அவரைத் திட்டினேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அந்தக் கல்லூரி விஷயம் அப்படியில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தொழிற்கல்லூரியில், விடுதியின் பின்படிக்கட்டில் ஒரு மாணவன் குத்துப்பட்டுச் செத்துக்கிடந்தான். கூடவே தங்கியிருந்த பையனைப் போலீஸ் பிடித்தது. பிடித்ததுதான் தாமதம், ஊருக்குள் ஆளுக்கொரு ஜட்ஜ் முளைத்துவிட்டான். சலூனில் ஒரு தீர்ப்பு, டீக்கடையில் ஒரு தீர்ப்பு. பெண் விவகாரம் என்றார்கள், போதை மருந்து என்றார்கள், செத்த பையன் மட்டும் லேசுப்பட்டவனா என்று ஒரு நாக்கு கேட்டது. எல்லாக் கதையும் வேறு வேறு. முடிவு மட்டும் ஒன்று: அவனை விடக்கூடாது. நானும் அந்தக் கட்சிதான். எனக்கும் அந்த வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

கல்லூரி வாசலுக்கு எதிரே மைதானத்தில் கண்டனக் கூட்டம். ஏற்பாடு, கடைக்காரர் சங்கத் தலைவர். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், தொண்டையும் இரும்புதான். கூட்டம் முடிந்ததும் ஊர்வலமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகத் திட்டம். அந்தப் பையனை அங்கேதான் வைத்திருந்தார்கள். அங்கே போய் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை யாரும் மறைக்கவில்லை. நாற்காலி இறக்கும்போதே என் காதுபடப் பேசினார்கள். அந்த ஸ்டேஷன் கேட் என் கடை ஷட்டரைவிட லேசானது.

தலைவர் மேடையில் முழங்கினார். “இதுக்கு எதுக்குய்யா கோர்ட்டு? எதுக்கு வக்கீலு? நம்ம கையில குடுங்க, நாம பாத்துக்கறோம்!” மைதானமே எழுந்து நின்றது. என் நாற்காலிகள் மேலும்தான்.

செத்த பையனின் அம்மாவை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறவர். மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் அழுதால் போதும் என்பதுதான் தலைவர் கணக்கு. “ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்று மைக்கைக் கொடுத்தார்.

அந்த அம்மா அழவில்லை.

“எம்புள்ளைக்காக இவ்வளவு பேரு வந்திருக்கீங்க. புண்ணியமாப் போகும்,” என்றார். “ஆனா ஸ்டேஷனுக்குப் போகாதீங்க.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “இந்தம்மாவை யாரோ மிரட்டியிருக்காங்கடா!” இன்னொன்று, “காசு வாங்கியாச்சு போல!” பெற்ற வயிறு எரிந்துகொண்டிருக்கிறவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அப்புறம் ஒரே கூச்சல். அவர் உதடு அசைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை.

தலைவர் மேடையிலிருந்து ஹலோவைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார். அணை என்று அர்த்தம். நான் ஹலோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அணைக்கவில்லை என்றால் இந்தக் கூட்டம் இவரைச் சும்மா விடாது.

ஹலோ ஆம்ப்ளிஃபயர் குமிழில் கை வைத்தார். திருப்பினார். சத்தம் இறங்கியது. தலைவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். இவ்வளவுதானா இந்த மனுஷன் பிடிவாதம்?

“அணைச்சிட்டியாண்ணே?” என்றேன்.

“வாயை மூடிட்டுக் கேளு,” என்றார்.

அணைக்கவில்லை. குறைத்திருந்தார். முதல் நாலு வரிசைக்கு மட்டும் எட்டுகிற அளவுக்கு. முன்னால் இருந்த பெண்கள் அந்த அம்மா பேசுவதைக் கேட்கக் கழுத்தை நீட்டினார்கள். கேட்காத எரிச்சலில் பின்னால் திரும்பி, “அட சும்மா இருங்கய்யா, அந்தம்மா பேசுது!” என்று அதட்டினார்கள். அந்த அதட்டல் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அமைதி எதுவரை போனதோ அதுவரைக்கும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அடுப்பில் பால் வைத்தவள் பார்க்கிற மாதிரி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு விஷயம் புரிந்தபோது மைதானம் முழுக்க அந்த அம்மா குரல்தான் இருந்தது.

“அவன் நல்லவன்னு நான் சொல்ல வரல. அவனை மன்னிக்கவும் எனக்கு மனசு இல்ல. எம்புள்ள செத்தப்ப பக்கத்துல இருந்தது அவன் ஒருத்தன்தான். கடைசியா எம்புள்ள என்ன சொன்னான், எதைக் கேட்டான், யாரைக் கூப்பிட்டான்? அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க அவனை அடிச்சுக் கொன்னுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. அப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்? அவன் கோர்ட்ல நிக்கணும். வாயைத் திறக்கணும். நான் கேக்கணும். அதுவரைக்கும் அவன் மேல யாரும் கை வைக்காதீங்க.”

பேசிவிட்டு மைக்கை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஹலோ அணைத்தார்.

ஊர்வலம் போகாமல் இல்லை. போயிற்று. ஆனால் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்கள். போனவர்களும் ஸ்டேஷன் வாசலில் கத்திவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பையன் உயிரோடு சிறைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அன்று மைதானம் கலைகிறபோதே தலைவர் நேராக எங்களிடம் வந்தார். “யாரு குடுக்கற கூலிக்கு யாருக்குய்யா வேலை பாக்கற?”

“மைக் அந்தம்மா கையிலதான இருந்துச்சு,” என்றார் ஹலோ, வயரைச் சுற்றிக்கொண்டே. “குடுத்தது நீங்கதான்.”

அதற்குள் யாரோ எறிந்த கல்லில் ஒரு குழாய் ஸ்பீக்கர் நசுங்கிவிட்டது. அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. ‘கொலைகாரனுக்கு மைக் பிடிச்சவன்’ என்று பெயர் கட்டிவிட்டார்கள். கடைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்துக் கல்யாண வீட்டாரும் நிறுத்தினார்கள். அண்ணி ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனார். “ஊருக்கெல்லாம் இவரு ஒருத்தர்தான் நியாயவான், வீட்ல உலை வைக்கத்தான் ஆளில்ல” என்று என்னிடம் பொரிந்தார். ஆனால் தையல் கடையில் ஒருத்தி அதே பேச்சை எடுத்தபோது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அண்ணி கொடுத்த பதில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டதாம்.

வழக்கு ஆமை நடை நடந்தது. ஊர் மறந்தே போயிற்று. அடுத்த கொலை, அடுத்த கூட்டம். ஜட்ஜ் அந்தப் பையனிடம் நேராகக் கேட்கிற நாள் வந்தபோது, கோர்ட்டில் தலைவரும் இல்லை, கோஷம் போட்டவர்களும் இல்லை. அந்த அம்மா இருந்தார். “வாடா, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று ஹலோ இழுத்துக்கொண்டு போனதால் நானும் இருந்தேன்.

பையன் கூண்டில் தலையைக் குனிந்துகொண்டு பேசினான். முணுமுணுப்பு. ஜட்ஜுக்குக் கேட்டது, வக்கீல்களுக்குக் கேட்டது. எங்களுக்கு முன்பெஞ்சில் இருந்த அந்த அம்மா உடம்பை முன்னால் சாய்த்தார், காதில் கையை வைத்தார், பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்ன என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

ஹலோ எழுந்து நின்றுவிட்டார். “ஐயா, கேக்கலைங்க!”

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோர்ட் ஊழியர் பாய்ந்து வந்தார். “யோவ், காது கேக்கலைன்னா வெளிய போய்யா!”

“எனக்குக் கேக்கலைன்னா போகட்டும். அந்தம்மாவுக்குக் கேக்கலை. அவங்கதான் தாயாரு.”

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஹலோவை உட்காரச் சொன்னார். பிறகு பையன் பக்கம் திரும்பினார். “தலையை நிமித்து. மறுபடி சொல்லு. சத்தமா.”

சொன்னான். போன் உடைந்ததில் தொடங்கிய சண்டை. கையில் கிடைத்த கத்தி. “தண்ணி கேட்டான். அம்மாவுக்குப் போன் போடுன்னான். நான் பயந்து ஓடிட்டேன்.”

அந்த அம்மா கையைக் காதிலிருந்து எடுத்தார். அதன் பிறகுதான், நான் பார்க்க முதல் தடவையாக, அழுதார்.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். போதாது என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கே சில நாள் அப்படித் தோன்றும்.

அன்றைக்கு வெளிப்படியில் அந்த அம்மா எங்களுக்காக நின்றிருந்தார். “அண்ணே, நீங்க எந்திரிக்கலைன்னா எனக்குக் கேட்டிருக்காது” என்று கும்பிட்டார்.

ஹலோவுக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவது என்று தெரியாது. கதவு வழியாக உள்ளே கையைக் காட்டினார்.

“கூரை உசரம்மா. பேசறதெல்லாம் மேலயே போயிருது. உங்க மேல தப்பில்ல.”