இறந்தவர் என்று எழுதினேன்

தாலுகா அலுவலகத்தில் வாக்காளர் பட்டியல் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வருவார். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். மணிக்கட்டு வரை கை சிவந்திருக்கும். வேகவதி ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் மனுக்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்த பிறகே என்னிடம் தருவார்.

கதவு எண் இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். நகராட்சிக்கு அலைந்து, எல்லாக் குடிசைக்கும் எண் வாங்கிவந்தார். நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

தேர்தலன்று அவர்களுடைய சாவடியில்தான் எனக்கு வேலை. நாற்பது பேரையும் வரிசையில் அனுப்பிவிட்டுக் கடைசியாக அவர் வந்தார். பட்டியலில் அவர் பெயர் ‘இறந்தவர்’ என்று அடிக்கப்பட்டிருந்தது. அதே தெருவில் அதே பெயருள்ள இன்னொருத்தி இறந்திருந்தாள். நேரில் போய் விசாரிக்காமல் அடித்தவன் நான்.

“எதிர்ல நின்னுக்கினு இருக்கிறேனே சார், கண்ணு தெரியலையா?”

“பட்டியல்ல இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்றேன்.

அடுத்த பட்டியல் திருத்தத்துக்கும் மனுக்களோடு வந்தார். படித்து முடித்த பெயர்களில் அவருடையது இல்லை.

“உங்களுக்கு எழுதலையாம்மா?”

“என்னைச் சாவடிச்சது நீங்க. உசுரோட இருக்கிறேன்னு நான் எதுக்கு சார் மனு போடணும்? நீங்களே போடுங்க.”

நான் போடவில்லை. போட்டால் என் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நீங்க’ என்று அவர் சொன்னது அலுவலகத்தையா, என்னையா என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.