கலைவாணியின் கொப்பியில் இருந்த பெயர்

வியாழன் மஜ்லிஸுக்கு வரும் என் சகோதரிகளே, இதை இரண்டு தடவை வாயால் சொல்லத் தொடங்கினேன். இரண்டு தடவையும் கோபம் வந்து, பாதியில் எழுந்து போய்விட்டேன். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது ஒருவர் நிதானமாக வாசியுங்கள். அல்லாஹ் எனக்குக் காட்டிய கருணையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்வதானால் இன்னொருத்தி செய்ததையும் சொல்லியாக வேண்டும். அவளுடைய உண்மைப் பெயரை எழுதினால் புறம் பேசிய பாவம் வந்து சேரும். ரிஹானா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மனையியல் டீச்சராக நியமனம் பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். பதுளையில் இருந்து பசறை தாண்டி, மடுல்சீமைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. ரிஹானாவும் அங்கேதான், விஞ்ஞான டீச்சர். ஒரே பஸ், ஒரே சீட், ஒரே சாப்பாட்டுப் பெட்டி. மனையியல் அறையின் மூலையில் முஸல்லாவை விரித்து ஒன்றாக ளுஹர் தொழுவோம். அவளுடைய உம்மா மவுத்தான நேரம் மூன்று நாள் அவளுடைய வீட்டிலேயே இருந்து அடுப்படியைப் பார்த்தவள் நான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

கொரோனா முடிந்து பாடசாலைகள் திறந்தபோது, எங்கள் பாடசாலையில் தரம் ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விசேட கல்வி வகுப்பு ஒன்று தொடங்க அனுமதி கிடைத்தது. கற்பது மெதுவாக வரும் பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள் என்று பதினொரு பேர். அதுவரை தோட்டத்து லய வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். ஆனால் வகுப்பைத் தொடங்க, ஏதாவது ஒரு விசேட கல்விப் பயிற்சி பெற்ற டீச்சருடைய பெயர் கடதாசியில் இருக்க வேண்டும். ரிஹானா முன்பு ஆரம்பப் பிரிவுக்கான ஆறு மாதப் பயிற்சி ஒன்றைச் செய்திருந்தாள். ஆனால் அவளுக்கு அந்த வகுப்புக்குள் கால் வைக்கவே விருப்பம் இல்லை. எனக்கு விருப்பம் இருந்தது, பயிற்சி இல்லை. அதிபர் ஒரு வழி சொன்னார். பாட அட்டவணையான நேரசூசியில் ரிஹானாவின் பெயர் விசேட கல்விக்கு, என் பெயர் மனையியலுக்கு. வகுப்பை எடுப்பது நான்.

சும்மா பேப்பருக்குத்தானே என்று மூன்று பேரும் சைன் வைத்தோம். வருடத்துக்கு மூன்று தவணை, தவணைக்குத் தவணை அந்தப் பொய்யில் என் கையாலேயே சைன் வைத்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மூன்று வருடம் போனது. அந்தப் பிள்ளைகள் எனக்கு என்னவானார்கள் என்று எழுதப் போனால் இந்தப் பேப்பர் போதாது. பிறகு வலயக் கல்விப் பணிமனையில் இருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் தரம் ஆறுக்கு மேல் விசேட கல்வி கற்பிப்பவர்கள் அதற்குரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ்ப் பாடநெறியில் சேர வேண்டுமானால், அப்படிப்பட்ட வகுப்பில் மூன்று வருடம் கற்பித்ததாக அதிபர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். ஒரு பாடசாலைக்கு ஓர் இடம். சான்றிதழ் வழியில் வராதவர்கள் நியமனம் பெற்ற பாடத்துக்கே திரும்ப வேண்டும்.

சந்தோஷமாக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு அதிபரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நேரசூசிக் கோப்பைத் திருப்பி வைத்தார்.

"டீச்சர், இதுல ஒரு தவணைகூட உங்க பேர் இல்லைங்க. நான் எப்படி சைன் வைக்கிறது? ரிஹானா டீச்சர் நேத்தே விண்ணப்பம் குடுத்துட்டாங்க."

நேற்று. நேற்று பின்னேரம் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது அந்த வகுப்பல்ல. டவுனில் ஒரு பெரிய பாடசாலையில் சான்றிதழ் பெற்ற டீச்சர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், நான் வேறெங்காவது மனையியலுக்குப் போய்விடுவேன், பதினொரு பிள்ளைகளும் திரும்ப லயத்துக்குப் போவார்கள். அன்று பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒதவி செஞ்சது தானே ஸமீனா. அத இல்லண்டு நான் செல்லல்லயே."

உதவி! மூன்று வருடம் மூக்குத் துடைத்து, ஷூ லேஸ் கட்டப் பழக்கி, ஒரு பிள்ளை தன் பெயரில் முதல் எழுத்தை எழுதியதற்குப் பொது இடம் என்றும் பாராமல் அழுதவள் செய்தது உதவி. அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிட்டேன். மழை. அடுத்த பஸ் வரும்வரை நனைந்துகொண்டே நின்றேன். அதற்குப் பிறகு நான் முதல் பஸ்ஸில் போகத் தொடங்கினேன், அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை என்பதற்காக.

பணிமனைக்கு முறைப்பாடு எழுதினேன். இரண்டு கிழமையில் விசாரணை என்று பதில் வந்தது. ஆதாரம் கொண்டு வரச் சொன்னார்கள். என்ன ஆதாரம்? பிள்ளைகளுடைய கோப்புகள், புள்ளிப் பதிவுகள் எல்லாவற்றிலும் பொறுப்பாசிரியர் என்று அவளுடைய சைன். எழுதியது நான், சைன் அவளுடையது. அதிபரும் தன் தலை தப்ப வேண்டுமே, எனக்காகப் பேசுவாரா? பெற்றோரை எழுதித் தரச் சொல்லலாம் என்றால், நான் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தேன் என்று தள்ளிவிடுவார்கள்.

அந்த இரண்டு கிழமையும் நான் கேட்ட துஆக்களை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஸுஜூதில் கிடந்துகொண்டு அவளைச் சபித்தேன். அவளுடைய நாக்கு எழும்பக் கூடாது, அவள் கேட்ட இடம் கிடைக்கக் கூடாது, நான் அழுத அளவுக்கு அவளும் அழ வேண்டும். வரிசையாகக் கேட்டேன், சத்தமாகவும் கேட்டேன். ஒரு நாள் அஸருக்குப் பிறகு என் மாப்பிள்ளை, என் மகளின் வாப்பா, கடையில் இருந்து தேயிலை குடிக்க வந்தவர், கதவடியில் நின்று கேட்டிருக்கிறார்.

"நீ அல்லாட்ட துஆ கேக்கிறியா, பொலிஸுல என்ட்ரி போடுறியா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தேயிலைக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. ஆனால் மஃரிபுக்கு முஸல்லாவில் நின்றபோது அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். யா அல்லாஹ், எனக்குக் கடதாசி இல்லை, ஆள் இல்லை. உண்மையை நீ வெளியே கொண்டு வா. வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை.

விசாரணைக்கு முதல் நாள், திங்கட்கிழமை. பாடசாலை விட்டு நான் அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கலைவாணியின் அம்மா ராஜேஸ்வரி, தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த ஈரச் சேலையோடேயே வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் உரப்பை. கலைவாணிக்கு அப்போது பதினாறு வயது. மூன்று வருடமாக என் வகுப்பில் இருந்தவள்.

"டீச்சர் போறீங்கன்னு சொன்னாங்க. இந்தக் கொப்பிகள என்ன செய்யிறதுன்னு கேக்க வந்தேன். ஒண்ணக்கூட வீச விடமாட்டேங்குது புள்ள. லயத்துல வைக்க எடமில்லைங்க."

பையைத் திறந்தேன். இருபதுக்கு மேல் எழுதி முடித்த கொப்பிகள். சிலவற்றின் அட்டையைக் கறையான் தின்றிருந்தது. முதல் கொப்பியை விரித்ததும் அப்படியே சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கலைவாணி வகுப்புக்கு வந்த புதிதில், ஆள் மாறினால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். யார் வருவார்கள் என்று தெரியாததுதான் அவளுக்குப் பயம். அதற்காக நான் ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். காலையில் வந்ததும் கொப்பியில் திகதியை எழுத வேண்டும், அதற்குக் கீழே இன்று வந்த டீச்சருடைய பெயரை எழுத வேண்டும். முதலில் நான் எழுதிக் கொடுத்து அவள் மேலால் எழுதினாள். பிறகு பார்த்து எழுதினாள். பிறகு தானாகவே எழுதினாள். எனக்கு அது தினமும் நடக்கும் காரியம், மறந்தே போயிருந்தேன். அவள் ஒரு நாளும் விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம், வளைந்த எழுத்தில், திகதியும் ஸமீனா டீச்சர் என்ற பெயரும். மூன்று வருடம்.

ராஜேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொப்பி வேண்டாமென்றால் தானே கொண்டு போகிறேன் என்று பையைக் கட்டப் பார்த்தார்.

மறுநாள் அந்த உரப்பையோடேயே பணிமனைக்குப் போனேன். விசாரித்தவர் ஒரு பிரதிப் பணிப்பாளர் அம்மா. ஒரு பக்கம் நான், எதிரில் ரிஹானாவும் அதிபரும். அந்த அம்மா அவசரப்படவில்லை. ஆசிரியர் வரவுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொப்பிகளில் அங்கொன்று இங்கொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான் லீவு போட்ட நாட்களில் கொப்பியில் டீச்சர் இல்லை என்று எழுதியிருந்தது. நாலைந்து நாட்களில் ரிஹானா டீச்சர் என்று இருந்தது. எல்லாம் பதிவேட்டோடு பொருந்திப் போனது. எனக்கு உள்ளே அல்ஹம்துலில்லாஹ் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஓர் இடத்தில் அந்த அம்மாவின் விரல் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை. கொப்பியில் டீச்சர் இல்லை என்று இருந்தது. பதிவேட்டில் நான் வந்ததாக சைன்.

"இது யாருடைய கையெழுத்து?" என்று கேட்டார்.

அந்த நாள் ஞாபகம் இருந்தது. என் மகளுக்குக் கடும் காய்ச்சல், பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன். லீவு எல்லாம் முடிந்திருந்தது. காலையில் ஃபோனில் கோல் எடுத்து, நீ பிள்ளையைப் பார், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் ரிஹானா. எனக்காக என் பெயரில் சைன் வைத்தவளும் அவள்தான். உண்மையை வெளியே கொண்டு வா என்று கேட்டேன் அல்லவா? வந்தது. அவளுடைய பொய்யை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக்கொண்டு வரவில்லை, என்னுடையதையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா, இன்றைக்கும் எனக்கே தெரியாது. ரிஹானாதான் பேசினாள்.

"அது நான் வெச்ச சைன், மேடம். புள்ளக்கு சுகமில்லாத நாள்." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "வகுப்பும் அவதான் எடுத்த. மூணு வருஷமும்."

அவ்வளவுதான். என் பக்கம் பார்க்கவில்லை.

கையெழுத்து எப்படியும் பிடிபடும் என்று சொன்னாளா, அந்தக் கொப்பியைப் பார்த்து அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்னாளா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பஸ்ஸில் அன்றைக்குக் கேட்டபோதே சொல்லியிருந்தால் என்ன என்று என் மனம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அதிபர் என் சேவையை அத்தாட்சிப்படுத்திக் கொடுத்தார். பொய்யான நேரசூசியில் சைன் வைத்ததற்கும் பதிவேட்டுக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னுடையது இன்னும் என் கோப்பில் கிடக்கிறது, கிடக்கட்டும். சனி ஞாயிறுகளில் பண்டாரவளைக்குப் போய்ப் படித்தேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்த வகுப்பு இப்போது கடதாசியிலும் என்னுடையது. பதினொரு பேராக இருந்தவர்கள் பதினாலு பேராகிவிட்டார்கள். கலைவாணி இன்னும் காலையில் முதல் வேலையாகத் திகதியும் என் பெயரும் எழுதுகிறாள். சான்றிதழைக் காட்டினேன். அதில் இருந்த பொன் நிற முத்திரையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுத் தன் கொப்பிக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போது எந்தப் பேப்பரையும் வாசிக்காமல் நான் சைன் வைப்பதில்லை. சும்மா பேப்பருக்குத்தானே என்று யாராவது சொன்னால் பேனையை மூடிவிடுவேன். துஆவில் யாரையும் சபிப்பதும் இல்லை. உங்களில் யாருக்காவது அநியாயம் நடந்து, பேச ஆளில்லாமல், காட்ட ஆதாரமில்லாமல் நிற்கிறீர்களா? அவனிடம் கேளுங்கள். நீங்கள் நினைக்காத வாசலால் அனுப்புவான். எனக்கு ஓர் உரப்பையில் அனுப்பினான். ஆனால் உண்மையைக் கேட்டால் உங்களுடைய பங்கும் சேர்ந்துதான் வரும், அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

ரிஹானா தானாகவே இடமாற்றம் கேட்டு வேறு பக்கம் போய்விட்டாள், விஞ்ஞானம் படிப்பிக்க. மன்னித்துவிடு என்று என்னிடம் மஆஃப் கேட்கவில்லை. இரண்டு பெருநாள் போய்விட்டது, ஒரு கோல்கூட இல்லை. மஜ்லிஸில் எனக்குப் பக்கத்தில் அவள் உட்காரும் இடத்தில் யாரும் உட்காராமல் விட்டிருக்கிறீர்கள், நான் கவனித்தேன். அவள் யார் என்று உங்களுக்குத் தெரியும், நான் எந்தப் பெயர் வைத்தாலும்.

இதை வாசித்து முடித்ததும் யாராவது அவளுக்காகத் துஆ கேளுங்கள். என்னால் இன்னும் முடியவில்லை. நீங்கள் கேளுங்கள், நான் ஆமீன் சொல்லப் பார்க்கிறேன். அந்த நேரம் மட்டும் யாரும் என் முகத்தைப் பார்க்காதீர்கள்.