அப்பா எழுதித் தந்த மாமியின் வளவு

மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சீதனக் காணி உறுதி எழுதி முடியாமல் தாலி இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். உடுவிலிலுள்ள எங்கள் வீட்டு வளவை மகள் பேரில் எழுத வந்த நொத்தாரிசு, அப்பா அதை முழுவதுமாக எனக்கு எழுதிவைத்த மரணசாதனத்தை, அந்த உயிலைப் பார்த்துவிட்டு, "அப்பப்பாவின்ரையையும் காட்டும்" என்றார். உலக இலக்கியமெல்லாம் படித்த நான் அதைப் படித்ததேயில்லை. அதன்படி பாதி வளவு அப்பாவின் தங்கைக்கு! அந்த மாமியின் கையெழுத்து வேண்டும்; அவரோடோ எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஷெல் சத்தத்துக்குள் பண்டத்தரிப்புக்குச் சைக்கிள் மிதித்தேன். மாமி படலையைத் திறக்கவில்லை.

"கையெழுத்துக்குத்தானே வந்தனி? கொப்பர் என்ரை பக்கம் வேலியை அரக்கி என்ரை காணியைப் பிடிக்கேக்கை எங்கை போனனி?"

"பள்ளிக்கூடம், மாமி."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளைக்காக வைக்கிறன். உனக்கில்லை."

இப்போதெல்லாம் காணிக் கதை எழுந்தால், பழைய மரணசாதனங்களைத்தான் முதலில் படிக்கிறேன். என்னுடையதில் எனக்கே சொந்தமானதை மட்டும் எழுதினேன். அரைப்பக்கமும் வரவில்லை.