கறுப்பில் தாழாத வள்ளம்

தியாகலிங்கம் வல்வெட்டித்துறையில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துபவர். கடைசி ஆண்டுகளில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளமில்லை, பெயருமில்லை. மகள் நிவேதனா "இன்னொருக்கா" என்றால் பற்றரி முனையில் வயரைத் தொடவேண்டும். "எடுங்கோ" என்றால் எடுக்கவேண்டும்.

நிவேதனா செய்வது பூட் லோகோ. வள்ளத்தில் பூட்டும் ஜி.பி.எஸ் செற்றுக்கு மின் கொடுத்ததும், கடல் வரைபடம் வருமுன், சில வினாடி திரையில் நிற்கும் படம். அந்த மலிவுத் திரைக்குப் பதினாறு நிறம்தான். ஒரு புள்ளியை மாற்றினாலும், சரியா என்று பார்க்க மின்னை வெட்டித் திரும்பக் கொடுக்கவேண்டும்.

கொழும்புக் கொம்பனி முதல் படத்தைப் பரீட்சையாகத்தான் கொடுத்தது. ஊர் வள்ளக்காரர் ஏற்றுக்கொண்டால் அவள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகவேண்டும். தியாகலிங்கம் அதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். பழைய பற்றரி ஒன்றுக்குச் சார்ஜ் ஏற்றி, அவளுடைய மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்.

அவள் இருட்டுக் கடலில் ஒரு சிவப்பு வள்ளம் வரைந்தாள். கறுப்பும் நீலமும் சேரும் இடத்துக்கு இடைநிறம் கிடையாது. இரண்டு நிறப் புள்ளிகளையும் மாறி மாறி வைத்துச் சமாளித்தாள்.

"வானம் முழுக்கப் புள்ளி, கொப்புளிப்பானோ பிள்ளை?"

"தள்ளி நிண்டு பாருங்கோ அப்பா."

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "ஓம், மாறிட்டுது."

தாய் கனகாம்பிகை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லாயிருக்கு. அப்பனும் மகளும் விடிஞ்சதிலை இருந்து லைற்றைப் போட்டுப் போட்டு நூத்து விளையாடுறியள்."

முதல் செற்றை ஊர் வள்ளக்காரர் முத்துக்குமாருவின் வள்ளத்தில் பூட்டினார்கள். அடுத்த நாளே அவர் அதைக் கழற்றி, ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"தியாகண்ணை, உதை நீங்களே வைச்சிருங்கோ. போட்ட உடனை வள்ளம் வருது. பிறகு கறுப்பிலை தாழுது. என்ரை மனிசி கண்டால் தொழிலுக்கு விடாள்."

"அது தாழேல்லை மாமா," என்றாள் நிவேதனா. "வரைபடம் வரமுன்னம் படம் மங்கும்."

"பிள்ளை, நாங்கள் வெளிக்கிடேக்கை 'போறன்' எண்டுகூடச் சொல்லுறேல்லை. 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறது. நீ வள்ளத்தையே தாட்டுக் காட்டுறாய்."

தியாகலிங்கம் பையை வாங்கி மகளின் மேசையில் வைத்தார். முத்துக்குமாரு போனபிறகு கேட்டார்: "கறுப்பாகிற இடத்திலை வேறை படம் ஒண்டு போடேலாதோ?"

"ரெண்டாவது படத்துக்கு உள்ளுக்கை இடமில்லை அப்பா."

"சரி. பற்றரி இருக்கு, நானும் இருக்கிறன். பார்."

அன்றைக்கு இஞ்சின் கொண்டுவந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார்.

படத்துக்குத்தான் இடமில்லை, நிறங்களை மாற்ற இடமிருந்தது. பதினாறு பெயின்ற் ரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், படத்தைத் தொடாமல் ரின்னுக்குள் இருக்கும் பெயின்றை மட்டும் மாற்றலாம். அந்த ரின்னால் பூசிய இடமெல்லாம் தானாக மாறிவிடும். நிவேதனா கறுப்பைக் கருநீலமாக்கினாள், பிறகு சாம்பல், பிறகு வரைபடத்தில் கடலுக்குரிய அதே வெளிர்நீலம். வள்ளத்தின் சிவப்பை மட்டும் தொடவில்லை. இருட்டு வெளுத்துக் கடலாகும், வள்ளம் நிற்கும், அதைச் சுற்றி வரைபடம் வரும்.

நிறங்கள் மாறும் வேகம் சரிவரப் பொழுதுபட்டுவிட்டது. "இன்னொருக்கா," என்றாள். தொட்டார். "எடுங்கோ." எடுத்தார். விரல் நுனி கறுத்திருந்தது. ஒரு தரமும் "இன்னும் எவ்வளவு?" என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் முத்துக்குமாரு திரும்ப வந்து, கைகட்டி நின்று பார்த்தார். "இப்ப நிக்குது," என்றார். பிறகு, "ஆனா என்ரை வள்ளம் பச்சையெல்லோ? உது சிவப்பு."

"பிள்ளையிட்டை இருக்கிறது பதினாறு கலர்," என்றார் தியாகலிங்கம். "நீ வள்ளத்துக்குச் சிவப்பு அடி."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவை பெயின்ற் அடிக்கும்போது முத்துக்குமாரு உண்மையாகவே சிவப்பு அடித்தார்.

நிவேதனா கொழும்புக்குப் போகவில்லை. அதன் பிறகு எத்தனையோ படம் செய்தாள், எல்லாவற்றுக்கும் வயர் பிடித்தவர் அப்பாதான். மின்னைத் தானாக வெட்டிக் கொடுக்க ஒரு சின்ன ரிலே போதும், ஒரு பின்னேரத்து வேலை. ஒருமுறை அவரிடம் சொன்னாள்.

"உந்த ரிலே படத்தைப் பாத்து நல்லாயிருக்கெண்டு சொல்லுமோ?" என்று கேட்டார்.

அவள் அதைச் செய்யவேயில்லை. செய்யாததால் அவளுக்கு அத்தனை பகல்கள் அவரோடு கிடைத்தன.

ஒரு மாசியில் தியாகலிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது. செத்தவீட்டன்று அந்தக் கரையிலிருந்து ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நிவேதனா மேசைக்குத் திரும்பினாள். புதுச் செற், அதே சிவப்பு வள்ளம், அதே பதினாறு நிறம். ஒரு புள்ளியை மாற்றினாள். "இன்னொருக்கா," என்று வாய் சொல்லிவிட்டது.

அடுப்படியில் சத்தம் நின்றது. கனகாம்பிகை சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, பற்றரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"எங்கை தொடவேணும்?"

நிவேதனா காட்டினாள். அம்மா தொட்டார். கறுப்பு வெளுத்தது, வள்ளம் நின்றது.

"இதையோ அந்த மனிசன் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தவர்?"

"ஓம் அம்மா."

கனகாம்பிகை வயரை எடுத்தார். திரை அணைந்தது.

"இன்னொருக்கா தொடட்டோ?" என்று கேட்டார்.